திரைப்படச் சங்கச் செயற்குழுவுக்கு: அந்தப் படத்தை எங்கள் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்

நம் நகரத் திரைப்படச் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

மே மாத விடுமுறைத் திரையிடலில் நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்கு அறிவித்திருந்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' படத்தை நீக்கிவிட்டதாகச் சென்ற வாரம் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டீர்கள். அதோடு, பெரியவர்களுக்கான ஜூன் பட்டியலில் இருந்த 'பேன்ஸ் லேபிரிந்த்' படத்தையும் எடுத்துவிட்டீர்கள். ஃபேண்டசி பார்க்க வருகிறவர்கள் சந்தோஷத்தைத் தேடி வருகிறார்கள், வலியையும் சாவையும் காட்டும் ஃபேண்டசி படங்கள் இனி எந்தப் பிரிவிலும் வேண்டாம் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். "அம்மா சாகிற படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி என்ன சாதிக்கப் போகிறோம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகவும் அறிந்தேன்.

நான் ஒன்பது வருடமாக இந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை வாட்ஸ்ஆப்பில் நாலு வரியில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

என் அக்கா 2018 பிப்ரவரியில் மார்பகப் புற்றுநோயில் இறந்தாள். அவளுடைய ஒரே மகனுக்கு அப்போது 12 வயது. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை முதலில் அவனிடம் காட்டினேன், இரண்டு இடத்தில் திருத்தியும் கொடுத்தான்.

அக்கா சிகிச்சையில் இருந்த காலம் முழுக்க, வீட்டுப் பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனிடம் பொய் சொன்னோம். அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை என்றோம். நாலு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றோம். கீமோவில் முடி கொட்டியபோது, பழனிக்கு வேண்டுதல், மொட்டை போட்டிருக்கிறாள் என்றோம். அவன் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. நம்பிவிட்டான் என்று நினைத்தோம். ஒரு வியாழக்கிழமை சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, தொங்கிய பாட்டிலில் 'பேக்லிடாக்சல்' என்று அந்தப் புற்றுநோய் மருந்தின் பெயர் இருந்ததை அவன் எழுத்துக் கூட்டிப் படித்து, வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்திருக்கிறான். வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்கு அது தெரிந்தது.

அக்கா போன அன்று, அதுவரை எதையும் அவன் கண்ணில் காட்டாமல் மறைத்த அதே பெரியவர்கள், அவனுக்கு மொட்டை அடித்து, ஈரவேட்டி கட்டி, தோளில் பானையை வைத்தார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததை என் கணவர் சொல்லித்தான் அறிவேன். மூன்று சுற்றுச் சுற்றினான். சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள், தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. பானையைப் பின்னால் போட்டு உடைத்தான். கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் நட என்றார்கள், நடந்தான். 12 வயதுப் பிள்ளை இதைத் தாங்குவானா என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, அதன்பிறகு என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

அவன் அழவில்லை. பள்ளியில் கணக்கு நோட்டைக் கிழித்தான். இன்னொரு பையனின் சைக்கிள் டயரைக் குத்தினான். வகுப்புக் கதவின் கண்ணாடியை உடைத்தான். ஒவ்வொரு தடவையும் ஆசிரியர்கள், "அம்மா இல்லாத பிள்ளை, விட்டுடுங்க" என்றார்கள். வீட்டில் நாங்களும் அப்படித்தான். விட விட அவன் இன்னும் மோசமானான். எங்களுக்குப் புரியவில்லை.

அந்த அக்டோபரில், ஒரு விடுமுறை மதியம், 'எ மான்ஸ்டர் கால்ஸ்' படத்தைப் போட்டேன். யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மரம் ஒன்று பூதமாக எழுந்து நடந்து வருகிற படம், பையனுக்குப் பிடிக்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். படம் பார்க்காத உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு சிறுவன், பெயர் கானர், 12 வயது. அம்மாவுக்குப் புற்றுநோய். ஜன்னல் வழியே பார்த்தால் கல்லறைத் தோட்டமும் அதன் நடுவே 'யூ' என்ற ஊசியிலை மரம் ஒன்று பெரிதாக நிற்பதும் தெரியும். இரவு 12:07க்கு அந்த மரம் பெயர்ந்து அவனிடம் வருகிறது. நான் மூன்று கதைகள் சொல்வேன், நான்காவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டில் வந்ததுமே என் அக்கா மகன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் நிறுத்தப் போனேன். மரம் பேசும் குரல் கேட்டதும் வாசற்படியில் நின்றபடியே பார்க்க ஆரம்பித்தான். படத்தில் ஓர் இடம் வரும். கானர் தன் பாட்டியின் கூடத்தில் இருக்கும் அத்தனை பொருளையும் அடித்து நொறுக்கிவிடுகிறான். பாட்டி வந்து பார்க்கிறாள். ஆனால் யாரும் அவனைத் தண்டிக்கவில்லை, தண்டித்து என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். பள்ளியில் ஒருவனை அடித்துப் போட்டபோதும் அதே பதில்தான். அந்தக் காட்சியை என் அக்கா மகன் மறுபடி போடச் சொன்னான். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னான்.

கடைசியில் கானர் நான்காவது கதையைச் சொல்கிறான். தினமும் அவனுக்கு வரும் கெட்ட கனவு அது. பூமி பிளந்து அம்மா பள்ளத்தில் விழப்போகிறாள், அவன் கையைப் பிடித்திருக்கிறான், கை நழுவுகிறது. அவன் மறைத்து வைத்த உண்மை என்னவென்றால், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்க அவனால் முடியும். அவன்தான் விட்டான். இந்த வேதனை முடிந்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

படம் முடிந்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் கழித்து, ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஏதோ சொன்னான். பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்ததில் எனக்குக் கேட்கவில்லை. "என்னடா?" என்றேன். மறுபடி சொன்னான்: "சித்தி, அம்மா சீக்கிரம் செத்துட்டா நல்லாருக்கும்னு நான் நெனச்சேன். அப்புறம்தான் செத்தாங்க."

எட்டு மாதம் அந்தப் பையன் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். அம்மாவைத் தான்தான் கொன்றோம் என்று நம்பியிருக்கிறான். தண்டனைக்காகத்தான் ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறான், நாங்களோ பாவம் என்று விட்டுக்கொண்டே இருந்தோம். வண்டியை ஓரம் கட்டினேன். "நானும் நெனச்சேன்டா" என்றேன். அது உண்மை. கடைசி இரண்டு வாரம் அவள் பட்ட வலியைப் பார்த்து, போதும், எடுத்துக்கொள் என்று நானும் சாமியிடம் வேண்டியிருக்கிறேன். "நிஜமாவா?" என்று கேட்டான். "நிஜம்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அன்றிரவு அவன் அழுதான்.

ஒரே படத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகும் மனநல ஆலோசகரிடம் ஒரு வருடம் போனான். ஆனால் அவரிடம் பேச அவனுக்கு ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தை அவனுக்கு எடுத்துக் கொடுத்தது நானோ, ஆசிரியர்களோ, உறவுக்காரர்களோ இல்லை. ஒரு மரம்.

ஏன் மரம் வேண்டியிருந்தது என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாதாரணக் குடும்பப் படத்தில் இதே கதை வந்திருந்தால் அவன் பார்த்திருக்க மாட்டான். சீரியலில் ஆஸ்பத்திரி வந்தாலே ரிமோட்டை எடுத்துவிடுவான். பூதம் வந்ததால்தான் திரும்பி வந்தான். அவனுக்குள் இருந்தது பூதம் அளவுக்குப் பெரியதாக இருந்தது. அதற்குச் சரியான அளவில் ஏதோ ஒன்று திரையில் வந்து நின்றது. இன்னொன்று, அந்தப் பூதம் யாரையும் காப்பாற்றுவதில்லை. கானரின் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து யூ மரத்திலிருந்து எடுப்பதுதான். மரம்தானே எழுந்து வந்திருக்கிறது, குணமாக்கிவிடும் என்று அவன் நம்புகிறான். ஆகவில்லை. தான் வந்தது அம்மாவுக்காக இல்லை, கானருக்காக என்கிறது மரம். என் அக்காவுக்கு ஏறிய பேக்லிடாக்சலும் முதன்முதலில் அமெரிக்காவின் பசிபிக் கரையோர யூ மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்துதான். பாட்டிலைப் படித்துப் போனில் தேடிய பையனுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. படம் பார்க்கும்போது எனக்குத்தான் தெரியாது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இதற்கான கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவரே மார்பகப் புற்றுநோயால் 2007இல், 47 வயதில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கருவை வைத்து பேட்ரிக் நெஸ் 2011இல் நாவலாக எழுதினார், படத்தின் திரைக்கதையும் அவருடையதுதான். ஸ்பெயின் நாட்டு இயக்குநர் ஜே. ஏ. பயோனா 2016இல் படமாக்கினார். ஸ்பெயினின் கோயா விருதுகளில் ஒன்பதை அந்தப் படம் வாங்கியது. பிள்ளைகளைப் பயமுறுத்திப் பணம் பண்ண எடுத்த படம் இல்லை இது. அந்த வலியைத் தன் உடம்பில் அறிந்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது.

உங்கள் முடிவுக்கு ஒரு தாயின் கவலை காரணம் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் நாம் 'பிரிட்ஜ் டு டெரபிதியா' படத்தைப் போட்டபோது அவருடைய மகள் இரண்டு இரவு தூங்காமல் அழுதாளாம். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அன்று நாம் ஒட்டிய போஸ்டரில் காடும் கோட்டையும் விசித்திர உயிரினங்களும் மட்டும்தான் இருந்தன. படம் வெளிவந்தபோது அதன் விளம்பரங்களும் அப்படித்தான் இருந்தன. கதையில் வரும் சிறுமி ஓடையில் விழுந்து இறந்துவிடுவாள் என்று நாம் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு அங்கே இருக்கிறது. படத்தின் மேல் இல்லை. அந்தக் கதையை எழுதிய கேத்தரின் பேட்டர்சனின் மகனுக்கு எட்டு வயதில் இருந்த நெருங்கிய தோழி மின்னல் தாக்கி இறந்துபோனாள். மகனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல்தான் அவர் 1977இல் அந்த நாவலை எழுதினார். முப்பது வருடம் கழித்து அந்தக் கதை படமானபோது, திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் அதே மகன். தோழியை இழந்த பிள்ளை வளர்ந்து, அந்தக் கதையை மற்ற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று தானே முன்வந்திருக்கிறார். நாம் அதை மறைத்து வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

'பேன்ஸ் லேபிரிந்த்' வேறு விஷயம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். முயல் வேட்டைக்குப் போன ஒரு விவசாயியின் மகனை, ராணுவ அதிகாரி ஒரு பாட்டிலால் முகத்தில் குத்திக் கொல்லும் காட்சி அதில் இருக்கிறது. என்னாலேயே முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் நீங்கள் அதை நீக்கியது பெரியவர்களுக்கான பட்டியலிலிருந்து. ஃபேண்டசி என்றால் மறந்துவிட்டு இருப்பதற்கு என்று நீங்கள் நினைப்பதால்தான் அது போயிருக்கிறது.

மெக்சிகோவைச் சேர்ந்த கியர்மோ தெல் தோரோ 2006இல் எடுத்த அந்தப் படம் 1944 ஸ்பெயினில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் மலைக்காடுகளில் எதிர்ப்பாளர்களை அரசுப் படைகள் தேடித் தேடிச் சுட்டுக்கொண்டிருந்த காலம். அதில் அந்த ராணுவ அதிகாரி ஊர்ப் பெரியமனிதர்களை அழைத்து விருந்து வைக்கிறான். வீட்டுக்கு ஒரு ரேஷன் அட்டை போதும் என்று அந்த மேசையில்தான் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் ஒஃபீலியா என்ற சிறுமி பூமிக்கடியில் ஒரு கூடத்துக்குப் போகிறாள். அங்கேயும் மேசை நிறைய விருந்து, தலைமாட்டில் உள்ளங்கையில் கண் வைத்த ஒரு பிசாசு, பக்கத்தில் குவிந்து கிடக்கும் குழந்தைகளின் செருப்புகள். இரண்டு மேசையும் ஒரே மேசைதான் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். ஆடையை அழுக்காக்கியதற்காக இரவுச் சாப்பாடில்லாமல் படுக்க அனுப்பப்பட்ட பெண் அவள். தொடக்கூடாது என்று தெரிந்தும் இரண்டு திராட்சையை எடுத்து வாயில் போடுகிறாள். கற்பனை உலகத்துக்குள் போனாலும் பசி கூடவே வருகிறது. ஸ்பெயினில் ரேஷன் முறை 1952 வரை இருந்தது. அந்தக் காலத்துப் பசியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்த இரண்டு திராட்சையில்தான் அது எனக்கு உறைத்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. என் சிறு வயதில் எங்கள் ஊரில் விடிய விடிய அரிச்சந்திரா நாடகம் நடக்கும். மயான காண்டம் வரும்போது மணி மூன்று ஆகியிருக்கும். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருவாள், வெட்டியானாக நிற்கும் புருஷனே கூலி கேட்பான். முன்வரிசையில் சாக்கு விரித்துப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்போம். என் பாட்டி எங்களை எழுப்பிவிட்டுப் பார்க்கச் சொல்வாள். அழுதோம். அவள் மடியில் படுத்துக்கொண்டு அழுதோம், அதுதான் வித்தியாசம். சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த ஊர் இது. எங்கோ நடுவில் அதை மறந்துவிட்டோம்.

இப்போது நான் கேட்பவை.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' படத்தை அதே நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பச் சேருங்கள். 13 வயதுக்கு மேல், கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவர் என்று நிபந்தனை வையுங்கள். 2024 முதல் நம் தணிக்கை வாரியமே யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டது. வயது பார்த்து அனுமதிப்பது நம்மாலும் முடியும்.

'பேன்ஸ் லேபிரிந்த்' படத்தை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அறிவித்து ஜூன் பட்டியலில் வையுங்கள். வலியைக் காட்டும் ஃபேண்டசி படங்கள் எந்தப் பிரிவிலும் வேண்டாம் என்ற பொது முடிவை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள்.

இனி ஒவ்வொரு படத்துக்கும் போஸ்டரிலேயே உள்ளதைச் சொல்லுங்கள். "இந்தப் படத்தில் தாயின் மரணம் வருகிறது" என்று ஒரு வரி போதும். எந்த வீட்டுக்கு அது வேண்டாமோ அவர்கள் அன்று வராமல் இருக்கட்டும். போன தடவை அழுத அந்தப் பெண் வர விரும்பினால் அவளும் வரட்டும், அவள் அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு, நாற்காலிகளை அடுக்கி, அனுப்பிவிடாதீர்கள். அரைமணி நேரம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள். கலந்துரையாடல், மைக் எதுவும் வேண்டாம். பேச வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் உட்காரட்டும். மண்டப வாடகை கூடினால் அந்த அரைமணியின் செலவை நான் கொடுக்கிறேன். ஆலோசகர் ஒருவரை அழைத்து வரும் பொறுப்பும் என்னுடையது.

அடுத்த முறை சிறார் பட்டியல் தயாரிக்கும்போது, 13 முதல் 17 வயதுக்குள் இருக்கும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்களுக்காக முடிவெடுக்கும் மேசையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

வரும் செயற்குழுக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்து, உங்கள் பதிலை எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மறுப்பதானாலும் காரணத்தோடு மறுங்கள்.

என் அக்கா மகன் அந்த ஞாயிறன்று விடுமுறையில் ஊரில் இருப்பான். படம் முடிந்ததும் வாசல் பக்கம் நின்று டீ ஊற்றிக் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஒன்பது வருட உறுப்பினர் ஒருவர்